ஒரே மாத்திரை போடுகிறவர்களோடு பேசுங்கள்

கேள்வி:

எனக்கு 31 வயது. தென்மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நாலு வயதில் ஒரு மகள். எட்டு மாதங்களுக்கு முன் இடது பக்க வயிறு கனமாக இருக்கிறது என்று போனபோது ரத்தத்தில் வெள்ளணு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். தினமும் இமாட்டினிப் 400 மில்லிகிராம் போடுகிறேன். ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பிசிஆர் பரிசோதனையில் மூன்றாம் மாதம் 8 சதவீதம், ஆறாம் மாதம் 0.9. டாக்டர் நன்றாக இருக்கிறது என்கிறார்.

கணவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. மாத்திரையை வைட்டமின் டப்பாவில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். யாரும் எழுவதற்கு முன் விடியற்காலையில் போட்டுக்கொள்வேன். அப்புறம் குமட்டும், சில நாள் வாந்தி வரும். அதைப் பார்த்துவிட்டு மாமியார் "விசேஷமா?" என்று கேட்கிறார். இரண்டாவது குழந்தை எப்போது என்பதுதான் தினமும் பேச்சு. சென்ற மாதம் கோயில் கொடைக்கு உறவினர்கள் வந்து தங்கியதில் ஐந்து நாள் மாத்திரையை எடுக்கவே முடியவில்லை. இதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்ததால் ரத்தப் புற்றுநோய் நோயாளிகளின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். இரண்டாவது வாரம் அதில் ஒரு பையன் இறந்த செய்தி வந்தது. வெளியே வந்துவிட்டேன். பல இரவுகள் தூக்கமில்லை. "அதெல்லாம் உனக்கு எதுக்கு, மாத்திரை போடு, மறந்துடு" என்கிறார் கணவர். எனக்குக் கீமோ இல்லை, முடி கொட்டவில்லை. அந்தக் குழுவில் இருப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் நான் நோயாளி என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. இதே நோய் உள்ளவர்களோடு பழகுவது எனக்குத் தேவையா, இல்லை இன்னும் பயம்தான் கூடுமா?

— பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தேவை. அதைவிட அவசரமானது அந்த ஐந்து நாள். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

நான் மருத்துவர் இல்லை. புற்றுநோய்த் துறையில் மருத்துவ சமூகப் பணியாளராகவும் ஆற்றுப்படுத்துநராகவும் இருக்கிறேன். மாத்திரை பற்றிய முடிவுகளை உங்கள் ஹெமட்டாலஜி (ரத்தநோய்) டாக்டர்தான் எடுக்க வேண்டும். ஆனால் அவர் முடிவெடுக்க வேண்டுமானால் அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த பிசிஆர் வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஓபிக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். திட்டு விழுமோ என்று பயப்படாதீர்கள். மாத்திரை தவறவிட்ட நோயாளியை அவர்கள் முதன்முறை பார்க்கப்போவதில்லை. விட்டதை ஈடுகட்ட மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்வது மட்டும் கூடாது.

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக்காரர்கள் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பல வருடங்களாக இமாட்டினிப் எடுத்துவந்த 87 பேருக்கு மாத்திரை டப்பாவின் மூடியில் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்தி, எப்போதெல்லாம் திறக்கிறார்கள் என்று மூன்று மாதம் கணக்கெடுத்தார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒழுங்காகப் போட்டவர்களில் சுமார் 94 சதவீதத்தினருக்கு நோய் 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அதற்குக் குறைவாகப் போட்டவர்களில் அது 28 சதவீதம்தான். பத்தில் ஒன்று என்பது மாதத்துக்கு மூன்று நாள். உங்களுக்கு ஒரே மாதத்தில் ஐந்து நாள் போயிருக்கிறது. ஒருமுறை நடந்ததற்காக எல்லாம் கைமீறிவிட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் எண்கள் நன்றாகவே இருக்கின்றன. மூன்றாம் மாதம் 10க்குக் கீழ், ஆறாம் மாதம் 1க்குக் கீழ், ஒரு வருடத்தில் 0.1க்குக் கீழ் என்பதுதான் டாக்டர்கள் பார்க்கும் படிகள். இரண்டு படி சரியாக இறங்கிவிட்டீர்கள். ஆனால் அடுத்த வருடமும் கொடை வரும். நடுவில் கல்யாணம், சடங்கு, கோடை விடுமுறைக்கு வரும் நாத்தனார் குடும்பம் எல்லாம் உண்டு. டப்பா பீரோவில் ஒளிந்திருக்கும் வரை இது திரும்பத் திரும்ப நடக்கும்.

இன்னொன்று. இமாட்டினிப் மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போடவேண்டும். விடியற்காலையில் வெறும் வயிற்றில் யாருக்கும் தெரியாமல் விழுங்கினால் குமட்டத்தான் செய்யும். அந்த வாந்தியைப் பார்த்துத்தான் மாமியார் விசேஷமா என்று கேட்கிறார். கேட்டதும் நீங்கள் இன்னும் ஒளிக்கிறீர்கள். மதியமோ இரவோ, எந்த வேளை வயிறு நிறையச் சாப்பிடுகிறீர்களோ அதோடு சேர்த்துப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பாதிக் குமட்டல் அதிலேயே அடங்கிவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சின்ன யோசனை உங்கள் மனதில் நிற்காததில் எனக்கு ஆச்சரியமில்லை. முதல் நாளே சொல்லியிருப்பார்கள். 'புற்றுநோய்' என்ற சொல்லைக் கேட்ட அன்று அதற்குப் பிறகு சொன்னது எதுவும் காதில் ஏறியிருக்காது. எட்டு மாதம் கழித்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் அக்கா "நான் மத்தியானச் சோத்துக்குப் பிறகுதான் போடுவேன், ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லும்போது அது மனதில் நிற்கிறது. சக நோயாளிகளின் துணை என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அங்கே கண்ணீரும் உண்டு, ஆறுதலும் உண்டு. ஆனால் அதிக நேரம் பேச்சு போவது மாத்திரை, சாப்பாடு, கெண்டைக்கால் தசைப்பிடிப்பு, லீவு லெட்டரில் என்ன எழுதுவது என்பவற்றைப் பற்றித்தான்.

சரி, அந்த வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறேன். நீங்கள் வெளியே வந்தது சரிதான். அது உங்களுக்கான இடம் இல்லை. ரத்தப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டுவிடுகிறார்கள். அக்யூட் வகை லுகேமியா நாட்களிலும் வாரங்களிலும் முற்றக்கூடியது. உடனே மருத்துவமனையில் சேர்த்துக் கடுமையான கீமோ கொடுக்க வேண்டியிருக்கும். குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் வருவது பெரும்பாலும் அந்த வகைதான். சிஎம்எல் மெதுவாக வருவது. எலும்பு மஜ்ஜையில் ஒரு செல்லில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL; பரிசோதனையின் பெயரான PCR வேறு) என்ற ஒரு கெட்ட மரபணு உருவாகி, வெள்ளணுக்களைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த மரபணு செய்யும் புரதத்தின் வேலையை நிறுத்துவதுதான் இமாட்டினிப். நீங்கள் எடுக்கும் பரிசோதனை அந்த மரபணு இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. அந்தப் பையனுக்கு எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் அவன் மரணத்தால் நீங்கள் கலங்கியது நியாயம். அதை உங்கள் ஜாதகமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. புதிதாக நோய் கண்டவர்களுக்கு இமாட்டினிப்பைக் கொடுத்துச் சோதித்த பெரிய ஆய்வின் நீண்டகால முடிவு 2017இல் வந்தது. பத்து ஆண்டு கடந்தும் 83 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். மற்றவர்களில் பலர் வேறு காரணங்களால் இறந்தவர்கள்.

பத்து ஆண்டு கடந்தவர்கள் என்றால் யாரோ வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று நினைக்காதீர்கள். நம் ஊர் ஓபி வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இமாட்டினிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2001 மே மாதம். பணம் கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் சீக்கிரமே தொடங்கியது. இந்தியாவிலும் ஏராளமானோர் அதில் மருந்து வாங்கினார்கள். அசல் மருந்தின் விலை மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த காலம் அது. இந்திய நிறுவனங்கள் தயாரித்தது எட்டாயிரம், பத்தாயிரம் என்று கிடைத்தது. காப்புரிமை வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கோரிக்கையை நிராகரித்தது. நீங்கள் இன்று போடும் மாத்திரைக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அன்றைக்கு மருந்து தொடங்கியவர்களில் சிலர் இன்று பேரன் பேத்தியோடு ஓபிக்கு வருகிறார்கள். அவர்கள் ஒரு மணி நேரம் பேசினால் உங்கள் கணவர் சொல்லும் "மறந்துடு"வை விட அதிகம் பலன் தரும்.

அவர்களை எப்படிப் பிடிப்பது? பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் சிஎம்எல் நோயாளிகளுக்கென்று வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த முறை போகும்போது அங்குள்ள நர்ஸிடமோ சமூகப் பணியாளரிடமோ இப்படிக் கேளுங்கள்: "என்னை மாதிரி சின்ன வயசில் வந்து, குழந்தை வைத்திருக்கிற, அஞ்சு வருஷத்துக்கு மேல் மாத்திரை போடுகிற ஒரு பெண்ணோடு பேச வைக்க முடியுமா?" இந்தக் கேள்வியில் இருக்கும் ஒவ்வொரு அடைமொழியும் முக்கியம். நம் நாட்டில் சிஎம்எல் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நிறையப் பேருக்கு வருகிறது. ஆகவே அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டமே இல்லை. அந்தப் பக்கமும் சம்மதம் கேட்டுத்தான் எண் தருவார்கள், உங்கள் பெயரும் வெளியே போகாது.

குழு என்றே வேண்டுமானால் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மாக்ஸ்' இருக்கிறது. சிஎம்எல் வந்து 17 வயதில் 1991இல் இறந்துபோன மாக்ஸ் என்ற இளைஞனின் நினைவாக அவன் குடும்பத்தார் 1997இல் அமெரிக்காவில் மாக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் ஆதரவோடு இந்தியாவில் இயங்கும் நோயாளிகள் குழுதான் இது. பெரிய நகரங்களில் கூட்டம் நடத்துவார்கள். டாக்டர்களும் வருவார்கள், நோயாளிகளும் வருவார்கள், எல்லாரும் இதே வகை மாத்திரை போடுகிறவர்கள். செப்டம்பர் 22ஐ ஒட்டி ஏதாவது நிகழ்ச்சி இருக்குமா என்று விசாரியுங்கள். உலக சிஎம்எல் தினம் அது. 9ஆம் மாதம் 22ஆம் தேதி, அந்த இரண்டு குரோமோசோம்களின் எண்கள். நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். குழுவில் பிசிஆர் எண்ணை ஒப்பிடும் பழக்கம் உண்டு. "எனக்கு 0.01, உங்களுக்கு இன்னும் 0.9ஆ?" என்று யாராவது கேட்டால் அவர் எத்தனை வருடமாக மருந்தில் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். எந்த லேப், சர்வதேச அளவுகோலில் கொடுத்ததா என்பதும் முக்கியம். வேறு வேறு லேப் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. இன்னொரு பழக்கம் கைவைத்தியச் சிபாரிசு. பப்பாளி இலைச் சாறு, ஏதோ ஒரு லேகியம், யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த பொடி. சில மூலிகைகளும் சில ஆங்கில மருந்துகளும் ரத்தத்தில் இமாட்டினிப் அளவையே கூட்டவோ குறைக்கவோ செய்யும். டாக்டரிடம் கேட்காமல் எதுவும் வேண்டாம். பிராண்டை மாற்று, மாத்திரையைப் பாதியாக்கு, நான் நிறுத்திவிட்டேன் நீயும் நிறுத்து என்பதெல்லாம் சக நோயாளி சொல்லக்கூடாத பேச்சு. பல வருடம் நோய் மிக ஆழமாக அடங்கியிருப்பவர்களுக்கு டாக்டர் கண்காணிப்பில் மருந்தை நிறுத்திப் பார்க்கிறார்கள், ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது வெற்றியும் ஆகிறது. உங்களுக்கு அந்தப் பேச்சு இப்போது இல்லை.

நோயாளி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சிஎம்எல் உள்ளவர்கள் வந்து உட்கார்ந்ததும் என்னிடம் சொல்லும் முதல் பத்து வாக்கியத்தில் இது இருக்கும். "பார்க்க நல்லாத்தானே இருக்கே" என்று ஊரும் சொல்லும். மாலை நாலு மணிக்குப் பள்ளியில் கால் இழுத்துக்கொண்டு போகும் அசதியை ஊர் பார்ப்பதில்லை. காலையில் கண்ணைச் சுற்றி வீங்கியிருந்தால் "அழுதியா?" என்று கேட்பார்கள். அப்புறம் ஒரு வேடிக்கை. இமாட்டினிப் சிலருக்குத் தோலின் நிறத்தை வெளிறச் செய்யும். நம் நிறத்தில் அது நன்றாகவே தெரியும். "கலர் வந்துட்டியே, என்ன கிரீம் போடுறே?" என்று கல்யாண வீட்டில் கேட்கிறார்களாம். உங்களிடம் இன்னும் யாரும் கேட்டிருக்காவிட்டால் சீக்கிரம் கேட்கலாம். இதைச் சொல்லி நாலு பெண்கள் ஓபி வராந்தாவில் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கணவரிடமோ என்னிடமோ சொன்னால் அந்தச் சிரிப்பு வராது. நோயின் அளவை வைத்து யாரும் யாருக்கும் சீட்டுக் கொடுப்பதில்லை. தினமும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை, அந்த ரிப்போர்ட் வரும் வரை வயிற்றில் ஒரு கல். இதெல்லாம் போதும் நோயாளி என்று சொல்லிக்கொள்ள.

இனி மாமியார். இமாட்டினிப் போடும்போது கர்ப்பம் தரிக்கக்கூடாது, கருவுக்குப் பாதிப்பு வரலாம். கருத்தடைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மாதவிடாய் தள்ளினால் உடனே டாக்டரிடம் போகவேண்டும், கூச்சப்பட்டு நாள் கடத்தக்கூடாது. இரண்டாவது குழந்தைக்கு வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. நோய் ஆழமாக அடங்கி, சில வருடம் அப்படியே நிலைத்த பிறகு, டாக்டரோடு திட்டமிட்டு மருந்தை நிறுத்திப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். அது உங்கள் இருவரின் முடிவு, டாக்டரின் மேற்பார்வையில். மாமியாரின் அவசரத்துக்கு நடக்கக்கூடியது இல்லை.

அவரிடம் முழுவதும் சொல்லியாக வேண்டும் என்று வற்புறுத்த மாட்டேன். உங்கள் வீட்டை எனக்குத் தெரியாது. ஆனால் இவ்வளவாவது சொல்லப்பட வேண்டும், அதுவும் உங்கள் கணவர் வாயால்: "அம்மா, இவளுக்கு ரத்தத்தில் ஒரு கோளாறு. தினமும் மாத்திரை போடணும், ஒரு நாளும் விடக்கூடாது. இப்போதைக்குக் குழந்தை வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். இனிமே அவளை இதைப் பத்திக் கேட்காதீங்க." இதில் பொய் ஒன்றுமில்லை. இதைச் சொன்ன மறுநாளே டப்பா சமையலறை அலமாரிக்கு வந்துவிடலாம். மேலே கேட்டால் சொல்வதற்கு இரண்டு விஷயம் தெரிந்துவைத்திருங்கள். இது ஒட்டாது. பரம்பரையாகவும் வராது, அந்தக் குரோமோசோம் மாற்றம் பிறந்த பிறகு உடம்பில் நடப்பது, மகளுக்குப் போகாது. நாளை பேத்தியின் கல்யாணத்துக்குக் குறுக்கே வருமோ என்ற பயம்தான் பல வீடுகளில் வாயை மூடவைக்கிறது. அந்தப் பயத்துக்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எட்டு மாதமாக அவரும் தன் அம்மாவிடம் ஒளித்துக்கொண்டுதான் இருக்கிறார். மறந்துடு என்பது அவர் தனக்கே சொல்லிக்கொள்வதாகவும் இருக்கலாம். ஐந்து நாள் விட்டதை அவரிடம் சொல்லுங்கள், அடுத்த ஓபிக்கு அவரையும் கூட்டிப்போங்கள். நோயாளியின் கணவன்மார் இரண்டு பேர் டீக்கடையில் நின்றால் எதையாவது பேசத்தான் செய்வார்கள்.

தூக்கம் பற்றியும் ஒன்று. அந்தச் செய்தியால் சில இரவுகள் தூங்காமல் இருந்தது இயல்பு. அது இன்னும் தொடர்ந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால், சக நோயாளி போதாது. உங்கள் மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். இரவில் தாங்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசுவார்கள், கட்டணமில்லை.

பின்குறிப்பு: ரயிலில் போய்த்தான் சிகிச்சை என்றால், புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் தொடர் பரிசோதனைக்கும் போகிறவர்களுக்கு ரயில்வே சலுகை உண்டு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகை, கூட வருபவருக்கு 75 சதவீதம். அதற்கான படிவத்தில் மருத்துவமனை கையெழுத்து வேண்டும். கணவரை அழைத்துப்போக இதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அதே பயணத்தில் சமூகப் பணியாளரிடம் கேட்டுவிடுங்கள்.